கையால் பின்னிய கூடை

தை மாதத்தில் சம்பா அறுவடை முடிந்து, களத்து நெல் வீடு வந்து சேர்ந்தபின், மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-ஆம் தேதி திறக்கும் வரையிலுள்ள ஓய்வு நாட்களில், தஞ்சைத் தரணியின் கிராமத்துத் திண்ணைகளில் பெண்கள் கூடி அமர்ந்து, தம் பிரியத்துக்குரியவர்களுக்கென வயர் கூடை பின்னுவது மிகவும் ரம்மியமான காட்சியாகும். அளந்து வெட்டிய வயர்களை முடிச்சிட்டு முதலில் அடிப்பாகத்தை அமைத்து, பிறகு கட்டிலிருந்து வெட்டாமல் இழுத்த ஒற்றை வயரைச் சுற்றிலும் ஓட்டி, வரிசை வரிசையாகப் பக்கங்களை எழுப்பி, மிஞ்சிய நுனிகளைக் கையைக் கீறாதபடி உட்புற முடிச்சுகளுக்குள் சிரத்தையுடன் செருகிவிடுவார்கள். சாதாரண முடிச்சைவிட நெல்லிக்காய் முடிச்சுக்குப் பிரயாசை அதிகம். சிவன் கண் என்னும் பின்னலோ பார்வைக்கு அதனினும் விசேஷமானது. மணமாகிச் செல்லும் மகளுக்கும், பட்டணத்திலிருந்து வந்து திரும்பும் நாத்தனாருக்கும், அவரவர்க்குப் பிடித்த வர்ணத்தில் பின்னித் தரும் இக்கூடை பல வருஷம் உழைக்கும். அழுக்கானால் கழுவிக் காயவைத்தால் போதும். கடையில் வாங்கும் எந்த வஸ்துவையும்விட இதுவே உயர்ந்த வெகுமதி என்பது எமது திடமான அபிப்பிராயம். பின்னத் தெரிந்த தாய்மார்களே, வரும் கோடை விடுமுறையில் உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இந்த வேலையைக் கற்றுக்கொடுங்கள்.