ஏறின கியரிலேயே இறங்கு

போடியிலிருந்து புறப்பட்டு முந்தல் தாண்டினால் போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் பழைய ஜீப் அங்கே ஏறுவதைக் காதால் கவனித்தாலே போதும். வளைவுக்கு முன்னால் என்ஜின் சத்தம் சட்டென்று அடங்கும். ஒரே ஒரு உறுமல். பிறகு வண்டி கனத்த குரலில் இழுக்கத் தொடங்கும். டிரைவரின் கைப்பக்குவம் முழுவதும் அந்த உறுமலில்தான். பிரான்சில் நடக்கும் லெ மான் 24 மணி நேரக் கார் பந்தயத்தின் பழைய நட்சத்திரங்களுக்கும் அதுவே பிழைப்பு.

கியர்பாக்ஸுக்குள் பெரும்பாலான பல்சக்கரங்கள் எப்போதும் கவ்வியபடியே சுற்றுகின்றன. நாம் கியர் போடுவது என்பது அவற்றில் ஒன்றைத் தண்டோடு பூட்டுவதுதான். ஆனால் பூட்ட வேண்டிய இரண்டும் வேறு வேறு வேகத்தில் சுற்றும். ஓடுகிற பஸ்ஸில் தொற்றுகிறவன் கூடவே ஓடித் தொற்றினால் தப்பித்தான். நின்றபடி கம்பியைப் பிடித்தால் தோள்பட்டை போச்சு. அந்தக் கூட ஓடும் வேலையைச் செய்வது சிங்க்ரோ என்கிற வளையம். உரசி உரசி வேகத்தைச் சமமாக்கிய பிறகே பூட்ட விடும்.

பழைய மூன்று கியர் ஜீப்பில் முதல் கியருக்கு சிங்க்ரோ கிடையாது. அதனால் கிளட்சை மிதித்து நியூட்ரல், கிளட்சை விட்டு ஆக்ஸிலேட்டரில் ஒரு மிதி, மறுபடி கிளட்ச், அப்புறம் முதல் கியர். இதுதான் டபுள் கிளட்ச். மிதி குறைந்தால் 'கர்ர்ர்' என்று பல் கடிக்கும். பின்னால் தூக்குவாளியோடு உட்கார்ந்திருக்கும் அக்காமார் வரை திரும்பிப் பார்ப்பார்கள்.

பந்தயக் கார்கள் பலவற்றில் வேண்டுமென்றே சிங்க்ரோவை விட்டுவிட்டார்கள். உரச நேரமில்லை. டிரைவர் முன்பாதத்தால் பிரேக்கை அழுத்தியபடியே அதே பாதத்தின் ஓரத்தால் ஆக்ஸிலேட்டரைத் தட்டி, வேகத்தைச் சமன் செய்து கியரை இறக்குவார். ஒருமுறை செய்வது பெரிய காரியமில்லை. ராத்திரி, மழை, தூக்கக் கலக்கம் எல்லாவற்றுக்கும் நடுவே ஆயிரக்கணக்கான முறை பிசகாமல் செய்ய வேண்டும்.

இதை நன்றாக அறிந்தவர் பந்தய டிரைவர் ரிச்சர்ட் ஆட்வுட். 1970 லெ மானில் ஓட்டிய போர்ஷே 917 காருக்கு அவர் கேட்டு வாங்கியது நான்கு கியர் பெட்டி. ஐந்து கியர் வேண்டாம் என்றார். கியர் குறைந்தால் பல்சக்கரங்களைத் தடிமனாக்க இடம் கிடைக்கும், மாற்றுவதும் குறையும். தகுதிச் சுற்றில் 15-வது இடம்தான். ஆனால் கொட்டும் மழையில் மற்றவர்கள் ஒவ்வொருவராக உதிர, அவரும் சக டிரைவர் ஹான்ஸ் ஹெர்மனும் 343 சுற்று ஓடி ஜெயித்தார்கள். லெ மானில் போர்ஷேயின் முதல் முழு வெற்றி அது.

என் கணக்கில் அதைவிடப் பெரிய ஆட்டம் 1988 லெ மானில். ஜாகுவாரின் யான் லாமர்ஸ் கடைசிக் கட்டத்தில் கியர்பாக்ஸ் உடையப் போவதை உணர்ந்தார். நான்காவது கியரில் போட்டார். அதற்குப் பிறகு லீவரைத் தொடவில்லை. மெதுவான வளைவுகளில் என்ஜின் திணறும், அணைந்தும் போகலாம். ஆனாலும் அதே சுற்றில் துரத்தி வந்த போர்ஷேயை முன்னால் விடவில்லை. கியர் மாற்றத் தெரிந்தவனுக்குத்தான் மாற்றாமலும் ஓட்ட வரும்.

2012-ல் சென்னைக்காரர் கருண் சந்தோக் லெ மானில் ஓட்டி ஆறாவது இடம் பிடித்த அணியில் இருந்தபோது, கியர் மாற்ற ஸ்டியரிங்குக்குப் பின்னால் விரலால் தட்டினால் போதும். பழைய கால் வித்தையைக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டுவிட்டது.

நம் மலைப்பாதையில் அப்படி முழுசாக விட்டுவிட முடியாது. மூணாறு போய்த் திரும்பும் ஆட்டோமேட்டிக் கார்க்காரர்கள் 'டி'யிலேயே போட்டு, பிரேக்கை மிதித்தபடி இறங்குகிறார்கள். முந்தல் வருவதற்குள் சக்கரத்தில் தீய்ந்த வாடை. ஏறின கியரிலேயே இறங்கு என்று நம்மூர் டிரைவர்கள் சொல்வது இதற்குத்தான். கியரை இறக்கினால் என்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும், பிரேக் அவ்வளவு சூடாகாது. ஆட்டோமேட்டிக் என்றால் 'எல்' அல்லது மேனுவலுக்கு மாற்றுங்கள், அதுவும் முதல் வளைவுக்கு முன்பே.