சிவப்பு விளக்கு எரிகிறதா?

2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் வாரத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அடையாறு பெருக்கெடுத்துச் சென்னை விமான நிலையத்துக்குள் புகுந்துவிட்டது. ஓடுபாதை எது, ஆறு எது என்று தெரியாத நிலை. அப்பொழுது பிரயாணிகளை ஏற்றிச் செல்ல எங்கிருந்து விமானங்கள் கிளம்பின தெரியுமா? அரக்கோணத்திலுள்ள ராஜாளி கடற்படை விமான தளத்திலிருந்து! தலைநகரின் வாசல் அடைபட்டபோது, அதற்கு மாற்று வாசலாக இருந்தது இந்த ரயில்வே ஜங்ஷன் ஊர்தான்.

இந்தப் பெருமையைச் சொல்லிக்கொள்ளாத அரக்கோணத்துக்காரர் இல்லை. ஆனால் அவர் வீட்டு மாடியில் இருக்கும் சிறு பெட்டியில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கத் தொடங்கிவிட்டால், மாற்று வழி ஏதாவது வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். பேச்சை மாற்றிவிடுவார்!

இது சிரித்துவிட்டுப் போகும் சமாசாரம் அல்ல. பொழுது விடியுமுன் எழுந்து, சாப்பாட்டு டப்பாவுடன் மின்சார ரயிலைப் பிடித்து, ஏறக்குறைய 70 கிலோமீட்டர் சென்னைக்குப் போய், இருட்டிய பிறகு திரும்புவதுதான் இவ்வூர் உத்தியோகஸ்தர்களின் வாழ்க்கையாக இருந்தது. இன்னும் பலருக்கு அப்படித்தான். 2020-க்குப் பிறகு ஒரு சாராருக்கு மட்டும் அந்தப் பிரயாணம் நின்றது. காரியாலயம் வீட்டுக்கே வந்துவிட்டது. இன்டர்நெட் நின்றால் காரியாலயம் மூடிவிட்டது என்று அர்த்தம்.

விண்டர்பேட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இப்படித்தான் ஆயிற்று. வீட்டுத் தலைவர் கூட்ஸ் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மருமகள் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்க்கிறாள். ஒன்றரை வயதுக் குழந்தை. ஒரே மாதத்தில் மூன்று முறை, கூட்டத்தின் நடுவே அவள் முகம் திரையிலிருந்து மறைந்துபோயிற்று. மூன்றாவது தடவை மேலதிகாரி மரியாதையாகவே சொல்லிவிட்டாராம்: "ஒன்று, லைனைச் சரி செய்யுங்கள், இல்லையென்றால் திங்கள் முதல் சென்னைக்கு வந்துவிடுங்கள்" என்று. குழந்தையை வைத்துக்கொண்டு தினம் சென்னைக்கு எப்படிப் போவது? வேலையை விட்டுவிடலாமா என்ற பேச்சே எழுந்துவிட்டது.

"மாமா, மறுபடியும் போச்சு!" என்று அவள் மாடியிலிருந்து கூப்பிடும்போதெல்லாம் மாமனார் செய்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான். பெட்டியை அணைப்பது, பிறகு போடுவது. பாதி நாடு இந்த ஒரே வைத்தியத்தில்தான் காலம் தள்ளுகிறது. அது பலிக்காமலும் இல்லை. ஆனால் ஜுரத்துக்கு மாத்திரை கொடுப்பது வேறு, ஜுரம் ஏன் வந்தது என்று பார்ப்பது வேறு அல்லவா?

கார்டு நோட்டுப் புத்தகம்

ஒருநாள் அவருக்கே ஒரு யோசனை தோன்றியது. "சிக்னல் விழலேன்னா டிரைவரைத் திட்டி என்ன பிரயோஜனம்? எந்த விளக்கு, எத்தனை மணிக்கு, அதைத்தானே முதல்லே எழுதணும்!" என்றார் என்னிடம். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினார். இணைப்பு நிற்கும் ஒவ்வொரு தடவையும் நேரம், எரிந்த விளக்குகள், மழையா வெயிலா, மின்சாரம் இருந்ததா, அடுத்த வீட்டில் இருந்ததா என்று குறித்துக்கொண்டே வந்தார். மூன்று வாரத்தில் உண்மை வெளிப்பட்டுவிட்டது. அவர்கள் வீட்டில் இருந்தது ஒரு கோளாறு அல்ல, இரண்டு!

அவை என்ன என்று சொல்லுமுன் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம். இப்போது வீடுகளுக்கு வரும் ஃபைபர் என்பது தலைமயிர் பருமனுள்ள கண்ணாடி இழை. குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. அதில் ஓடுவது மின்சாரம் அல்ல, ஒளி. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. ஒரே இழையில் வருவதற்கு ஒரு அலைநீளம், போவதற்கு வேறொன்று. எக்ஸ்சேஞ்சிலிருந்து கிளம்பும் இழை, வழியில் ஒரு பிரிப்பானில் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பங்கு பிரிக்கப்படுகிறது. ஆகவே பங்கு கிடைக்கும்போதே வெளிச்சம் மங்கல்தான். அதை மேலும் மங்கச் செய்ய அதிகப் பிரயத்தனம் வேண்டாம். பீரோவைத் தள்ளும்போது இழை சுவரோடு மடங்கினால் போதும். (கழற்றிய இழையின் முனையைக் கண்ணருகே வைத்து "வெளிச்சம் வருகிறதா?" என்று பார்க்கும் அன்பர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்; தெரியாத ஒளியும் கண்ணைக் கெடுக்கும்.)

பெட்டியில் 'பான்' என்று எழுதிய பச்சை விளக்கு அசையாமல் எரிந்தால், எக்ஸ்சேஞ்சோடு உறவு சரியாக இருக்கிறது என்று பொருள். அது மினுக்கிக்கொண்டே இருந்தால், ஒளி வருகிறது, ஆனால் அங்கே நம்மை இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. 'எல்.ஓ.எஸ்.' என்ற சிவப்பு விளக்கு மினுக்கினால் ஒளியே வந்து சேரவில்லை. அந்தச் சிவப்பைப் பார்த்த பிறகு நூறு தடவை அணைத்துப் போட்டாலும் பயன் இல்லை. கோளாறு பெட்டியில் அல்ல, வழியில்.

முதல் திருடன்

நோட்டுப் புத்தகத்தில் பாதிக் குறிப்புகளில் சிவப்பே இல்லை. மாறாக, எல்லா விளக்கும் அணைந்து, மறுபடி ஒவ்வொன்றாக எரிந்து, இரண்டு மூன்று நிமிஷத்தில் சரியாகியிருந்தது. பக்கத்திலேயே "கரண்ட் போய் வந்தது" என்ற குறிப்பு! வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. ஆனால் மின்வாரிய மின்சாரத்திலிருந்து பாட்டரிக்கு மாறும் அந்தக் கண்ணிமைக்கும் நேரம், மின்விசிறிக்கு ஒன்றுமில்லை. ரௌட்டருக்கு அது மரணம். அது மறுபடி பிறந்து, எக்ஸ்சேஞ்சில் பெயர் பதிந்து வருவதற்குள் கூட்டம் முடிந்துவிடுகிறது.

இன்வெர்ட்டரின் பின்பக்கம் பெரும்பாலும் ஒரு சிறு சுவிட்சு உண்டு. அதை 'யு.பி.எஸ்.' பக்கம் தள்ளினால் மாறும் வேகம் அதிகமாகும். அவர்கள் வீட்டில் அது வாங்கிய நாள் முதல் மற்றப் பக்கமே கிடந்தது. அதைவிட நிச்சயமான பரிகாரம், ரௌட்டருக்கென்றே விற்கும் 'மினி யு.பி.எஸ்.'. உள்ளங்கை அளவு, ஆயிரத்துச் சொச்சத்திலிருந்து இரண்டாயிரம் வரை விலை. ரௌட்டர் இழுப்பது சாதாரணமாக 10 வாட்டுக்குள்தான். ஆனபடியால் மூன்று நான்கு மணி நேரம் தாங்கும். வாங்குமுன் ரௌட்டரின் அடாப்டரில் 12 வோல்ட்டா, 9 வோல்ட்டா, எத்தனை ஆம்பியர் என்று படித்துக்கொண்டு போகவேண்டும். தவறினால் பெட்டியே பொசுங்கும்.

அடாப்டர் என்றதும் இன்னொன்று. காரணமில்லாமல் பெட்டி தானாகவே அணைந்து எழுந்தால், ரௌட்டரை மாற்றுமுன் அடாப்டரை மாற்றிப் பாருங்கள். வருஷக்கணக்கில் சூட்டில் வெந்த அடாப்டர், விளக்கு எரியும் அளவுக்கு மின்சாரம் கொடுக்கும், வேலை செய்யும் அளவுக்குக் கொடுக்காது.

இரண்டாவது திருடன்

மீதிக் குறிப்புகளில் சிவப்பு விளக்கு இருந்தது, மழையும் இருந்தது. அடுத்த வீட்டில் மட்டும் இன்டர்நெட் தடையில்லாமல் ஓடியிருக்கிறது! ஆகவே பிரிப்பான் வரையில் வழி சரி. அதற்குப் பிறகு இவர்கள் வீடு வரையில்தான் ஏதோ இருக்கிறது. ரௌட்டரின் உட்பக்கத்தை (அநேகப் பெட்டிகளில் 192.168.1.1 என்று தட்டினால் திறக்கும்) மருமகள் பார்த்தாள். வந்து சேரும் ஒளியின் அளவு அங்கே எழுதியிருக்கும். மைனஸ் 20-ஐ ஒட்டி இருந்தால் சௌக்கியம். மைனஸ் 27 என்பது இத்தகைய பெட்டிகளுக்கு எல்லைக்கோடு. இவர்களுக்கு வெயிலில் மைனஸ் 25. மழை பெய்தால் எல்லை தாண்டிவிடும்.

முன்பு வந்த லைன்மேன்கள், "இப்ப நல்லாத்தானே சார் இருக்கு?" என்று சொல்லிவிட்டுப் போனவர்கள்தான். இந்தத் தடவை பெரியவர் நோட்டுப் புத்தகத்தை நீட்டினார். வந்த இளைஞர் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, வேறு பேச்சில்லாமல் ஏணியை எடுத்துக்கொண்டு கம்பத்துக்குப் போனார். அங்கே ஒட்டுப் பெட்டிக்குள் தண்ணீர். ஒட்டை வெட்டி மறுபடி ஒட்டியதும் அளவு மைனஸ் 19-க்கு வந்தது. அவரையும் குறை சொல்வதற்கில்லை. மழையில், மின்கம்பத்தில், ஏணிமேல் நின்று மயிரிழைக் கண்ணாடியை ஒட்டும் வேலை!

ஒட்டு மட்டுமா? அணில் கடிக்கும், எலி கடிக்கும், லாரி இழுக்கும். எல்லாவற்றுக்கும் மேலாகக் குழி தோண்டுகிறவர்கள். இந்தத் தொல்லைக்காகவே மத்திய சர்க்கார் 2023 மார்ச்சில், தோண்டுமுன் தகவல் சொல்லும் ஒரு கைபேசிச் செயலியைத் தொடங்கியது. தோண்டி அறுப்பதால் தேசத்துக்கு வருஷம் சுமார் 3,000 கோடி ரூபாய் நஷ்டம் என்று அப்போது சொன்னார்கள்.

சிவப்பு விளக்கும் இல்லை, மின்சாரமும் சரி, ஆனாலும் வேகம் இல்லையா? ஒரு லேன் வயரை ரௌட்டரிலிருந்து நேரே கம்ப்யூட்டரில் சொருகிப் பாருங்கள். அதில் நன்றாக ஓடினால் குற்றம் வை-ஃபை அலையில். ரௌட்டரை இரும்பு பீரோவின் மேலோ, டெலிவிஷனுக்குப் பின்னாலோ ஒளித்து வைத்திருப்பீர்கள். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும், 2.4 தூரம் போகும், ஆனால் தெருவிலுள்ள எல்லார் வீட்டுப் பெட்டியும் அதிலேயே கூச்சலிடும். அதில் 1, 6, 11 என்ற மூன்று வரிசைகளில் நெரிசல் குறைந்ததைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஒரே ஒரு எச்சரிக்கை: பின்னால் ஊசித் துவாரத்தில் 'ரீசெட்' என்று இருக்குமே, அதைக் குத்தாதீர்கள். கம்பெனிக்காரர் பதித்த பெயரும் ரகசியச் சொல்லும் அழிந்து, நல்ல இணைப்பும் போய்விடும்.

ஒரே கம்பம், இரண்டு கம்பி

கோளாறு தீர்ந்தாலும் பெரியவருக்கு மனம் ஆறவில்லை. "டபிள் லைன் போட்டுடுவோம்" என்று இன்னொரு கம்பெனியில் இரண்டாவது ஃபைபர் இணைப்பு வாங்கினார். மாதாமாதம் செலவு. ஒரு காற்று மழையில் வேப்பங்கிளை ஒன்று முறிந்து விழுந்தது. இரண்டும் ஒருசேர அறுந்தன! கம்பெனிதான் வேறு, கம்பி வந்த கம்பம் ஒன்றே. கார்டாக இருந்தவர் இதை யோசித்திருக்க வேண்டும் என்று அவரே தலையில் அடித்துக்கொண்டார். 2021 டிசம்பரில் திருவலம் அருகே பொன்னையாற்றுப் பாலம் பழுதானபோது, அரக்கோணத்துக்கும் காட்பாடிக்கும் இடையே பல வண்டிகள் ரத்தாயினவே! அந்தப் பாலத்தின் மேல் எத்தனை தண்டவாளம் இருந்தால் என்ன?

ஆகவே இரண்டாவது வழி வேறு வகையாக இருக்கவேண்டும். தரைவழி ஒன்று, வான்வழி ஒன்று. சிம் கார்டு போடும் 4ஜி அல்லது 5ஜி ரௌட்டர் இதற்குச் சௌகரியம். பணம் கொடுக்குமுன் சிநேகிதர் ஒருவரின் சிம்மை இரவல் வாங்கி, வேலை செய்யும் அதே அறையில், வேலை செய்யும் அதே நேரத்தில் வேகம் பார்த்துக்கொள்வது புத்திசாலித்தனம். மொட்டை மாடியில் பிரமாதமாக வரும் சிக்னல் படியிறங்கி வராது. ஒரு மணி நேர வீடியோக் கூட்டத்துக்குச் சுமார் 1 ஜி.பி. ஆகும் என்று கணக்கு வைத்து ரீசார்ஜ் செய்யலாம். அலமாரியில் தூங்கும் சிம் காலாவதியாகிக் கழுத்தறுத்த கதைகள் பல.

வான்வழியும் அமிர்தம் அல்ல. 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் வீசியபோது கைபேசியும் சேர்ந்தே தடைப்பட்டது. கோபுரத்துக்கும் மின்சாரம் வேண்டும்; அதன் அடியிலும் பெரும்பாலும் ஒரு ஃபைபர்தான் ஓடுகிறது. பக்கத்துத் திருத்தணியில் ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகள் லட்சக்கணக்கில் மலையேறும் நாளில், அந்தப் பக்கத்துக் கோபுரங்கள் திணறுவதும் இயல்பே. இருந்தாலும் இரண்டும் ஒரே நிமிஷத்தில் சாகும் வாய்ப்பு குறைவு.

இரண்டையும் தானாக மாற்றிக்கொடுக்கும் ரௌட்டர்கள் கிடைக்கின்றன. வாங்கினால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அது அடுத்த பெட்டியின் விளக்கை மட்டும் பார்த்து "வழி சரி" என்று முடிவு கட்டக்கூடாது. 8.8.8.8 போன்ற வெளியூர் முகவரி ஒன்றைச் சில விநாடிக்கொரு தரம் கூப்பிட்டுப் பார்த்து, பதில் வராவிட்டால் வழி மாற்றும்படி அமைக்கவேண்டும். மாறும்போது வெளி முகவரி மாறுவதால், நடக்கும் கூட்டம் சில விநாடி அறுந்து சேரும்; கம்பெனியின் ரகசிய இணைப்பில் மறுபடி நுழைய நேரலாம். ஊரிலிருந்தபடி வீட்டுக் காமிராவைப் பார்க்கும் சிலருக்குச் சிம் வழியில் அது தெரியாமலும் போகலாம். அவ்வளவு செலவு வேண்டாமென்றால் கைபேசியை யு.எஸ்.பி. வயரால் கம்ப்யூட்டரில் மாட்டினாலும் அன்றைய பொழுது ஓடும்.

விண்டர்பேட்டை வீட்டில் இரண்டாவது ஃபைபரை நிறுத்திவிட்டார்கள். அந்தப் பணத்தில் சிம் ரௌட்டர் வந்தது. மருமகள் சென்னைக்குப் போகவில்லை, வேலையையும் விடவில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு காலை பத்து மணிக்குப் பெரியவர் ஃபைபர் பெட்டியின் மின்சாரத்தை வேண்டுமென்றே அணைத்துவிட்டு, கையில் கடிகாரத்துடன் நிற்கிறார். நான் போயிருந்த அன்று பதினெட்டாவது விநாடியில் வழி மாறியது. அதற்குள் பொம்மைப் படம் நின்றுவிட்டதென்று பேரன் போட்ட கூச்சலையும் அவர் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டார்.