எடை குறைந்தது, எது குறைந்தது?

தோ பாயோ லோரோங் 8இல் ஸ்ரீ வைராவிமட காளியம்மன் ஆலயமும் பலதுறை மருந்தகமும் ஒரே சாலையில் உள்ளன. வட்டாரத்தில் வசிக்கும், நீரிழிவு உள்ள தமிழர்கள் பலருக்கு இரண்டுமே பழகிய இடங்கள். மருந்தகத்துக்குப் போகும் நாளில் எடை, ரத்த அழுத்தம், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி எல்லாம் தெரிந்துவிடும். சோற்றைக் குறைத்தோம், தினமும் நடக்கிறோம் என்று சொல்ல நாமும் தயாராகப் போவோம். இரவில் எத்தனை மணி நேரம் தூங்கினோம் என்பதை மட்டும் நாமாக எடுத்துச் சொல்வது அபூர்வம். ஆனால், எடைக்கும் சர்க்கரைக்கும் நடுவே நின்று காரியத்தைக் கெடுப்பது பல வீடுகளில் அந்தத் தூக்கம்தான்.

நம் சமூகத்துக்கு இது சின்ன விஷயமல்ல. 2010ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் சிங்கப்பூரர்களில் 11.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடம் அந்த விகிதம் 17.2 விழுக்காடு. 2016இல் சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிராகப் போரை அறிவித்தது. மறு ஆண்டு தேசிய தினக் கூட்ட உரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங், 60 வயதைத் தாண்டிய இந்தியர்களில் பத்தில் அறுவருக்கு நீரிழிவு இருப்பதாகச் சொன்னபோது பல குடும்பங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தன. பிறகு நாம் மாறவும் செய்தோம். காப்பிக் கடையில் ‘தே-ஓ கோசோங்’ கேட்கிறோம். பான டப்பாவில் ஏ முதல் டி வரையிலான குறியீட்டைப் பார்த்து வாங்குகிறோம். நடந்த காலடிகளைக் கைப்பேசிச் செயலி எண்ணிச் சொல்கிறது. இத்தனைக்கும் பிறகு, எடை குறைந்தும் சர்க்கரை அசையவில்லை என்று சலித்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கேட்க வேண்டிய கேள்வி, குறைந்தது கொழுப்பா, தசையா என்பது.

ஒரே எடை, வேறு உடல்

2004ஆம் ஆண்டு ‘தி லான்செட்’ மருத்துவ இதழில் இரு மருத்துவர்களின் படம் அருகருகே வெளியானது. ஒருவர் புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாக்னிக். மற்றவர் லண்டனைச் சேர்ந்த ஜான் யட்கின். இருவருக்கும் பிஎம்ஐ எனப்படும் உடல் எடைக் குறியீடு ஒன்றேதான்: 22.3. ஆனால் யட்கின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாக்னிக் உடலில் 21.2 விழுக்காடு. ஒருவர் மாரத்தான் ஓடுபவர். மற்றவருக்கு முக்கிய உடற்பயிற்சியே மூடப்போகும் மின்தூக்கிக் கதவைப் பிடிக்க ஓடுவதுதான் என்று அவர்களே வேடிக்கையாகக் குறிப்பிட்டிருந்தார்கள்.

வேடிக்கைக்குப் பின்னால் இருக்கும் உண்மை நம்மைப் பற்றியது. ஒல்லியாகத் தெரியும் தெற்காசிய உடலிலும் கொழுப்பு கூடுதலாக, குறிப்பாக வயிற்றுப் பகுதியில், சேரக்கூடும். தசை குறைவாக இருக்கக்கூடும். அதனால்தான் சிங்கப்பூரில் பிஎம்ஐ 23ஐத் தொட்டாலே கவனம் தேவை, 27.5ஐத் தொட்டால் அபாயம் அதிகம் என்று கணக்கிடுகிறார்கள். ரத்தத்தில் உள்ள சர்க்கரையை வாங்கி வைத்துக்கொள்ளும் பெரிய கிடங்கு தசை. ஏற்கெனவே சிறிதாக இருக்கும் அந்தக் கிடங்கு இன்னும் சுருங்கினால், எடைக் கருவி நல்ல செய்தி சொன்னாலும் சர்க்கரைக்குப் போக இடமிருக்காது.

அதே மூன்று கிலோ

தூக்கம் இங்கேதான் நுழைகிறது. 2010இல் வெளியான சிகாகோ பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், எடை கூடிய 10 பேருக்கு உணவைக் குறைத்துக் கொடுத்தார்கள். இரண்டு வாரம் இரவில் எட்டரை மணி நேரம் படுக்கையில் இருக்க வைத்தார்கள். இன்னொரு இரண்டு வாரம், அதே ஆட்களுக்கு, ஐந்தரை மணி நேரம்தான். இரண்டு முறையும் எடை ஏறக்குறைய 3 கிலோ குறைந்தது. ஆனால் நன்றாகத் தூங்கிய வாரங்களில் குறைந்த கொழுப்பு 1.4 கிலோ. தூக்கம் குறைந்த வாரங்களில் கொழுப்பு 0.6 கிலோ மட்டுமே குறைந்தது, மீதி 2.4 கிலோவும் தசை உள்ளிட்ட, கொழுப்பல்லாத எடை.

ஆய்வு சிறியது, அதில் பங்கேற்றவர்கள் நீரிழிவு நோயாளிகளும் அல்லர். ஆனால் அது காட்டும் திசை தெளிவானது. அரைப் பட்டினி கிடந்து, ஐந்து மணி நேரம் தூங்கி எடை குறைப்பவர், காப்பாற்ற வேண்டிய தசையைக் கரைத்து, விரட்ட வேண்டிய கொழுப்பை வைத்துக்கொள்கிறார்.

நள்ளிரவுப் பசி

அதே பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் 2004இல், ஆரோக்கியமான 12 இளையர்களை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் படுக்கையில் இருக்க வைத்துப் பார்த்தார்கள். பத்து மணி நேரம் படுத்திருந்த இரவுகளுடன் ஒப்பிட்டபோது, போதும் என்று சொல்லும் லெப்டின் என்ற சுரப்பு 18 விழுக்காடு குறைந்திருந்தது. பசியைத் தூண்டும் கிரெலின் 28 விழுக்காடு கூடியிருந்தது. இனிப்பின் மீதும் மாவுப் பண்டங்கள் மீதும் ஆசை அதிகரித்தது. நள்ளிரவு தாண்டி விழித்திருக்கும் போது இரண்டு புரோட்டாவும் தே தாரிக்கும் கண்ணில் நிற்பதற்கு மனக்கட்டுப்பாடு இல்லாததே காரணம் என்று சொல்லிவிட முடியாது. உடலே கேட்கிறது.

நல்ல செய்தியும் உண்டு. ஆறரை மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கிய, எடை கூடிய 80 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2022இல் வெளியானது. படுக்கும் நேரத்தைச் சரிசெய்ய ஆலோசனை கொடுத்ததில் தூக்கம் சராசரியாக 1.2 மணி நேரம் கூடியது. உணவைக் குறைக்கும்படி யாரும் சொல்லவில்லை. இருந்தும், தூக்கம் மாறாதவர்களுடன் ஒப்பிடுகையில் அவர்கள் உட்கொண்டது நாளொன்றுக்கு ஏறக்குறைய 270 கலோரி குறைவு. அது ஒரு கிண்ணம் சோற்றுக்கும் மேல்.

சர்க்கரையும் தூக்கத்தைக் கெடுக்கும்

நீரிழிவு உள்ளவர்களுக்கு இது இருவழிப் பாதை. ரத்தச் சர்க்கரை லிட்டருக்குச் சுமார் 10 மில்லிமோலைத் தாண்டும்போது சிறுநீரகம் அதைச் சிறுநீரில் தள்ளத் தொடங்குகிறது. கூடவே தண்ணீரையும் இழுத்துச் செல்கிறது. அதனால் இரவில் மூன்று, நான்கு முறை எழ வேண்டியிருக்கும். பாத எரிச்சலும் மதமதப்பும் சிலரை விழிக்க வைக்கும். இன்சுலினோ, சர்க்கரையை இறக்கும் சில மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு நடு இரவில் சர்க்கரை அதிகமாக இறங்கி, வேர்த்து, படபடத்து விழிப்பு வரலாம். இவற்றை வயதின் மீது பழி போட்டு விட்டுவிடக் கூடாது. மருத்துவரிடம் சொன்னால் மருந்தின் அளவையோ நேரத்தையோ மாற்ற வழியிருக்கும். நாமாக மாற்றுவது ஆபத்து.

குறட்டை நகைச்சுவை அல்ல

“அப்பா விடுற குறட்டை ரெண்டு மாடிக்குக் கேக்கும்” என்று வீட்டில் சிரிப்போம். குறட்டை நடுவே சட்டென்று நின்று, சில நொடி அமைதிக்குப் பிறகு திணறலோடு மூச்சு திரும்பினால் சிரிக்க ஒன்றுமில்லை. அது தூக்கத்தில் ஏற்படும் மூச்சுத்தடையாக இருக்கலாம். தொண்டைத் தசைகள் தளர்ந்து காற்றுப்பாதை அடைபடும், உயிர்வாயு குறையும், உடல் பதறி எழும். ஒரே இரவில் இது நூறு முறைக்கும் மேல் நடந்தும் காலையில் நினைவிருக்காது. களைப்பும் தலைவலியும்தான் மிஞ்சும்.

சிங்கப்பூரின் சீன, மலாய், இந்தியப் பெரியவர்களிடம் நடத்தி 2016இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ பத்தில் மூவருக்கு மிதமான அல்லது கடுமையான மூச்சுத்தடை இருந்தது. அவர்களில் ஆகப் பெரும்பாலோருக்கு அது முன்பு கண்டறியப்படவே இல்லை.

உடல் பருமனும் இரண்டாம் வகை நீரிழிவும் கொண்ட 264 பேரிடம் அமெரிக்காவில் நடத்திய ஆய்வு 2009இல் வெளியானது. தீவிரப் பயிற்சி பெற்றவர்கள் ஓராண்டில் சராசரியாகப் பத்துக் கிலோவுக்கும் மேல் குறைத்தார்கள். மூச்சுத்தடை முற்றிலும் நீங்கியவர்கள் அந்தக் குழுவில் மூன்று மடங்குக்கும் மேல். எடை குறைந்தால் மூச்சுத்தடை குறையும். ஆனால் மூச்சுத்தடைக்குக் கொடுக்கப்படும் காற்றழுத்தக் கருவி மட்டும் எடையைக் குறைத்துவிடாது. சிலருக்குச் சற்றுக் கூடவும் செய்யும். கருவி தூக்கத்தைத் தரும், பகலில் நடக்கத் தெம்பு தரும். நடப்பது நம் வேலை.

இரவு வேலைக்காரர்கள்

வானொலியில் இரவு நேர நிகழ்ச்சி நடத்துபவர்களுக்கு நன்றாகத் தெரியும், ஊர் தூங்குவதில்லை. டாக்சி ஓட்டுநர், பாதுகாவல் அதிகாரி, தாதியர், விமான நிலைய ஊழியர் என்று கேட்பவர்கள் விழித்தே இருப்பார்கள். அவர்களிடம் பத்து மணிக்குப் படுங்கள் என்று சொல்வது பொருளற்றது. பகலில் தூங்கும்போது அறையை இருட்டாக்கி, கைப்பேசியை வெளியே வைத்து, ஒரே தவணையாகத் தூங்க முயலலாம். பெரிய சாப்பாட்டை வேலைக்கு முன்பே முடித்துவிட்டு, நள்ளிரவுக்குப் பிறகு கொஞ்சமாக உண்ணலாம். மருந்து நேரத்தை வேலை நேரத்தோடு எப்படிப் பொருத்துவது என்று மருத்துவரிடம் கேட்பது மிக முக்கியம்.

என்ன செய்யலாம்?

அமெரிக்க, ஐரோப்பிய நீரிழிவுச் சங்கங்கள் 2022இல் கூட்டாக வெளியிட்ட பரிந்துரை, உணவு, நடையுடன் தூக்கத்தையும் சிகிச்சையின் பகுதியாகச் சேர்த்துள்ளது. ஆறு மணி நேரத்துக்குக் குறைந்த தூக்கத்தோடு எட்டு மணி நேரத்தைத் தாண்டும் தூக்கமும் சர்க்கரைக் கட்டுப்பாட்டைப் பாதிக்கக்கூடும், வார இறுதியில் சேர்த்துத் தூங்குவது மட்டும் ஈடாகாது என்கிறது அது. வீட்டில் தொடங்க எளிய வழிகள் சில:

• எழும் நேரத்தை வாரம் முழுவதும் ஒன்றாக வைத்துக்கொண்டு, படுக்கும் நேரத்தை முதலில் அரை மணி நேரம் முன்னே கொண்டு வாருங்கள்.

• இரவுச் சாப்பாடு ஒன்பதரைக்கு என்றால் எட்டுக்கு மாற்றிப் பாருங்கள். மாலைக்குப் பிறகு காப்பி, தேநீர் வேண்டாம்.

• நடையோடு நிறுத்தாமல், வாரம் இரு முறையாவது தசைக்கு வேலை கொடுங்கள். புளோக்குக்குக் கீழே உள்ள உடற்பயிற்சி மூலை போதும். பருப்பு, முட்டை, மீனைச் சோற்றோடு சேர்த்துக் குறைத்துவிடாதீர்கள். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

• அடுத்த சந்திப்புக்கு முன் ஒரு வாரம் நான்கு விவரங்களைக் குறித்து வையுங்கள்: தூங்கிய நேரம், சிறுநீருக்கு எழுந்த முறை, வேர்த்து விழித்த இரவுகள், பகலில் கண் சொக்கிய வேளைகள்.

ஐந்தாவது விவரத்தை நோயாளியால் குறிக்க முடியாது. மூச்சு நின்று திரும்புவதைக் கேட்பவர் பக்கத்தில் படுத்திருக்கும் மனைவியோ கணவனோ, அடுத்த அறையில் இருக்கும் மகனோ மகளோதான். கைப்பேசியில் ஒரு நிமிடம் ஒலிப்பதிவு செய்து மருத்துவரிடம் கேட்கக் கொடுத்தாலும் உதவும். அப்பாவின் சர்க்கரைக்காக வீடே சீனியைக் குறைத்துக்கொண்டது போல, அவருடைய தூக்கத்துக்காகக் கூடத்தில் தொலைக்காட்சியைச் சற்று முன்னதாக அணைப்பதும் குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது.