கேமரா சரி, ஹார்ட் டிஸ்க்?

2019 ஜூலை, ஆகஸ்டில் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோவிலில் அத்திவரதர் வைபவம் 48 நாட்கள் நடந்தது. கூட்டத்தைக் கவனிக்க கண்காணிப்பு கேமராக்கள் பொருத்தப்பட்டன. திருவிழாவுக்கு அரசு செலவழிக்கும். தெருவுக்கு? ஏ.கே.விஸ்வநாதன் கமிஷனராக இருந்தபோது (2017-2020) சென்னை போலீசார் நடத்திய 'மூன்றாவது கண்' திட்டம், கடைக்காரர்களும் குடியிருப்போரும் தம் செலவில் மாட்டிய கேமராக்களால்தான் பெருமளவு வளர்ந்தது. ஆக, தெருவில் சங்கிலி பறிப்பு நடந்தால் போலீசார் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டலாம்.

அங்கேதான் சிக்கல். கேமரா காட்சிகளைச் சேமிக்கும் டி.வி.ஆர். பெட்டியும் ஒரு கம்ப்யூட்டர்தான். உள்ளே ஹார்ட் டிஸ்க் இருக்கிறது. ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் வீதம் பதிந்தால் நாளொன்றுக்கு 21.6 ஜிபி ஆகும். நான்கு கேமரா என்றால் 1 டெராபைட் டிஸ்க் 11 நாட்களில் நிரம்பிவிடும். பிறகு பழைய பதிவை அழித்துத்தான் புதியது பதியும். இரண்டு வாரம் கழித்து யாராவது கேட்டால் கையை விரிக்க வேண்டியதுதான்.

கடிகாரத்தையும் பாருங்கள். உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்திருந்தால், கரண்ட் போய் வந்ததும் தேதி மாறிவிடும். (உங்கள் கம்ப்யூட்டர் மதர்போர்டில் இருப்பதும் இதே ரகம்தான்.) தேதி தவறான பதிவை வைத்து திருடனைத் தேடுவது கடினம்.

இன்றே டி.வி.ஆர். மெனுவில் பிளேபேக் பகுதியைத் திறந்து, இருப்பதிலேயே பழைய தேதி எது என்று பாருங்கள்.