தண்ணீருக்குள் ஓர் இருவழிப் பாதை

ரயில்வேயில் நான் வேலை பார்த்த ஆண்டுகளில் பெரும்பகுதி, பெட்டிகளுக்கு விளக்கும் விசிறியும் தரும் பாட்டரிகளோடு கழிந்தது. புதிதாகச் சேரும் அப்ரண்டிஸ் பையன்களுக்கு முதல் நாள் நான் சொல்லும் பாடம் ஒன்றுதான்: "தண்ணீரில் ஆசிட்டை மெல்ல ஊற்றலாம், ஆசிட்டில் தண்ணீரை ஒருபோதும் ஊற்றாதே." அடர்ந்த கந்தக அமிலத்தில் தண்ணீர் விழுந்தால் விழுந்த இடத்திலேயே கொதித்து, அமிலத்தையும் சேர்த்து முகத்தில் வாரி அடிக்கும். இதைச் சொல்லிச் சொல்லியே ஓய்வு பெற்றவன் நான். ஆசிட்டைப் பற்றி எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை என்றுதான் இருந்தேன்.

2023 தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு அந்த இறுமாப்பு குளியலறையில் உடைந்தது.

பண்டிகைக்கு வீட்டைச் சுத்தம் செய்யும் பொறுப்பில் குளியலறை என் பங்குக்கு வந்தது. தரையில் பச்சைப் பாசி. பிளீச்சிங் பவுடரைத் தூவி, தண்ணீர் தெளித்துத் தேய்த்தேன். பாசி போயிற்று. ஆனால் ஆழ்குழாய்த் தண்ணீர் விட்டுச் சென்ற வெள்ளை உப்புக் கறை அசையவில்லை. அது சுண்ணாம்புக் கறை, அமிலத்துக்குத்தான் மசியும் என்று எனக்குத் தெரியும். தரையைக் கழுவிவிடாமல், கையோடு கழிப்பறை ஆசிட் பாட்டிலைத் திறந்து ஊற்றினேன். இரண்டு மருந்து சேர்ந்தால் இரட்டிப்புச் சுத்தம் என்று கணக்கு!

தரை நுரைத்தது. குனிந்து தேய்த்துக்கொண்டிருந்தவனுக்குத் தொண்டையை யாரோ பிடித்து நெரிப்பது போல இருந்தது. கண் எரிந்தது. "என்னங்க, என்ன நெடி இது?" என்று கேட்டுக்கொண்டே வந்த என் மனைவி, சட்டையைப் பிடித்து வெளியே இழுத்திராவிட்டால் இந்தக் கட்டுரையை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். அன்று இரவு முழுவதும் இருமல். மறுநாள் மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்து இரண்டு நாள் வைத்திருந்தார்கள். தீபாவளிக்கு முதல் நாள்தான் வீடு திரும்பினேன்.

படுக்கையில் கிடந்தபோது ஒரே கேள்விதான் மனத்தைக் குடைந்தது. தனித்தனியே நமக்கு உதவும் இரண்டு பொருள்கள், சேர்ந்ததும் ஏன் இப்படி எமனாக மாறின? டிப்ளமோ படித்த காலத்து வேதியியலைத் தூசி தட்டி எடுத்தேன்.

அமிலம், காரம் என்ற வேறுபாடு மனிதன் நாக்கால் அறிந்தது. புளிப்பது அமிலம். தொட்டால் வழுவழுப்பது காரம். இதற்குக் காரணம் சொன்னவர் சுவீடனைச் சேர்ந்த அர்ஹீனியஸ். உப்பும் அமிலமும் தண்ணீரில் கரையும்போது மின்னூட்டம் பெற்ற அயனிகளாகப் பிரிகின்றன என்று 1884ஆம் ஆண்டில் அவர் ஆய்வேடு எழுதினார். உப்சாலா பல்கலைக்கழகம் அதற்குக் குறைந்த தரமே கொடுத்தது. அதே கொள்கைக்கு 1903இல் நோபல் பரிசு வந்தது.

தண்ணீரும் தன்னைத்தானே சற்றுப் பிரித்துக்கொள்கிறது. சுத்தமான நீரில் சுமார் 55 கோடி மூலக்கூறுகளுக்கு ஒன்று வீதம் ஹைட்ரஜன் அயனியாகவும் ஹைட்ராக்சில் அயனியாகவும் பிரிந்து நிற்கிறது. ஹைட்ரஜன் அயனி கூடினால் அமிலம், ஹைட்ராக்சில் அயனி கூடினால் காரம். இதை அளக்க 1909இல் டென்மார்க்கின் சோரன்சன் கொடுத்த அளவுகோல்தான் பி.எச். சுத்த நீருக்கு 7. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஓர் எண் இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு ஏறும். எலுமிச்சைச் சாறு ஏறக்குறைய 2. நம் ரத்தம் 7.35க்கும் 7.45க்கும் நடுவே நின்றாக வேண்டும்.

இனிதான் முக்கியமான விஷயம். தண்ணீரில் நடக்கும் இந்த வினைகளில் பல, இருவழிப் பாதைகள். ஒரு பெரிய யார்டை நினைத்துக்கொள்ளுங்கள். அப் லைனில் மணிக்குப் பத்து வண்டி வருகிறது, டவுன் லைனில் பத்து வண்டி போகிறது. எப்போது எண்ணினாலும் யார்டில் அதே எண்ணிக்கை. பார்ப்பவருக்கு எதுவும் நடக்காதது போலத் தோன்றும். உள்ளே ஓயாத போக்குவரத்து. இதைத்தான் வேதியியலில் சமநிலை என்கிறார்கள். ஒரு பக்கம் புதிய வண்டிகளைத் திணித்தால், அந்த நெரிசல் தணியும் திசையில் போக்குவரத்து மாறும். பிரெஞ்சுக்காரரான லீ சாட்லியர் 1884இல் சொன்ன விதியின் சாரம் இதுவே.

குளோரின் வாயு தண்ணீரில் கரைந்தால் ஹைப்போகுளோரஸ் அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் உண்டாகின்றன. இது இருவழிப் பாதை. பிளீச்சிங் பவுடர் கரைசல் காரத் தன்மை உடையது. அந்தக் காரம் இருக்கும்வரை குளோரின் வாயுவாகக் கிளம்ப முடியாமல் கரைசலுக்குள் கட்டுண்டு கிடக்கிறது. நான் ஊற்றிய கழிப்பறை ஆசிட்டோ ஹைட்ரோகுளோரிக் அமிலம். காரத்தை அழித்தது, ஹைட்ரஜன் அயனியைக் கொட்டியது, குளோரைடு அயனியையும் சேர்த்துக் கொட்டியது. ஒரு பக்கம் அத்தனை வண்டிகளைத் திணித்தால் போக்குவரத்து எந்தப் பக்கம் திரும்பும்? கட்டுண்டிருந்த குளோரின் வாயுவாகக் கிளம்பிவிட்டது. அது காற்றைப் போல இரண்டரை மடங்கு கனம். மேலே போகாமல் தரையோடு தங்கும். குனிந்து தேய்ப்பவன் முகத்துக்கு நேராக! 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனையில் ஜெர்மானியர் திறந்துவிட்டதும் இதே வாயுதான்.

இதே சமநிலை நம் உயிரையும் காக்கிறது என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. மேல்நிலைத் தொட்டியில் போடும் குளோரின் கிருமிகளைக் கொல்வது முக்கியமாக ஹைப்போகுளோரஸ் அமிலத்தால். பி.எச். 7.5 ஆக இருந்தால் அதில் ஏறக்குறைய பாதி அந்த வடிவில் இருக்கும். 8.5 ஆக ஏறினால் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. மருந்து அதே அளவுதான், வேலை மட்டும் மந்தமாகும். ஆகவே தொட்டிக்கு மருந்து போடுவோர் தண்ணீரின் பி.எச். அளவையும் பார்க்க வேண்டும். மருந்து போட்ட பின் குறைந்தது அரை மணி நேரமாவது காத்திருக்க வேண்டும்.

நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு என் வேண்டுகோள் இவ்வளவே. பிளீச்சிங் பவுடரோடும் வெள்ளைத் துணிக்குப் போடும் பிளீச் திரவத்தோடும் எந்த அமிலத்தையும் சேர்க்காதீர்கள். வினிகரும் எலுமிச்சையும்கூட அமிலந்தான். அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானையும் சேர்க்காதீர்கள், அதிலும் நச்சு வாயு கிளம்பும். ஒன்றைப் பயன்படுத்திய பின் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, அடுத்ததை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். தப்பித் தவறி நெடி கிளம்பினால், துடைத்துச் சரிசெய்ய நிற்காமல் உடனே வெளியேறுங்கள். சிறிது நேரத்தில் சரியாகிவிட்டது போலத் தோன்றினாலும் டாக்டரைப் பாருங்கள். மூச்சுத் திணறல் பல மணி நேரம் கழித்தும் வரலாம். வீட்டு வேலைக்கு வரும் பெண்மணிக்கும் அவர் மொழியிலேயே இதைச் சொல்லி வையுங்கள். அநேக வீடுகளில் குனிந்து தேய்ப்பவர் அவர்தான்.

எங்கள் வீட்டில் இப்போது ஆசிட் பாட்டில் பின்கட்டு அலமாரியில், பிளீச்சிங் பவுடர் சமையலறைக்கு வெளியே உள்ள பரணில். இரண்டையும் ஒரே கையால் எட்ட முடியாது. அது என் மனைவியின் ஏற்பாடு. தண்ணீரில் ஆசிட்டை ஊற்றலாம் என்று எத்தனையோ பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அந்தத் தண்ணீரில் ஏற்கெனவே என்ன கரைந்திருக்கிறது என்று முதலில் பார் என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். அந்தப் பாக்கியை இங்கே தீர்த்துக்கொள்கிறேன்.