பெட்டி உடையாத களவு

நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டங்களில் பேர் பதிந்து வேலை செய்கிறவர்களின் சம்பளத்தில் மாதாமாதம் 8 வீதம் ஈ.பி.எப் எனும் ஊழியர் சேமலாப நிதிக்குக் கழிகிறது. தோட்ட நிர்வாகம் 12 வீதம் சேர்க்கிறது. கொழும்பில் மத்திய வங்கி அந்தக் காசைப் பெரும்பாலும் திறைசேரி முறிகளில் போட்டு வைக்கிறது. அதனால் பிணைமுறி மோசடி நம் வீட்டுக் கணக்கும்தான். தேத்தண்ணியை ஊற்றிக்கொள்ளுங்கள், ஆறுதலாகப் பார்ப்போம்.

அரசாங்கம் கடன் வாங்கும்போது எழுதிக்கொடுக்கும் பத்திரம்தான் முறி. மத்திய வங்கி அதை ஏலத்தில் விற்கும். வாங்குகிறவர் கூடிய வட்டி கேட்டால் முறியின் விலை இறங்கும். 2015 பெப்ரவரி 27 அன்று 30 வருட முறிகளுக்கு ஏலம் நடந்தது. அறிவித்தது 100 கோடி ரூபாவுக்கு. ஏற்றுக்கொண்டதோ 1,000 கோடிக்கு மேல், அதுவும் கூடிய வட்டியில். அதில் ஏறக்குறையப் பாதி பேர்பச்சுவல் ட்ரெஷரீஸ் என்ற நிறுவனத்துக்குப் போனது. அப்போதைய மத்திய வங்கி ஆளுநர் அர்ஜுன மகேந்திரனின் மருமகனோடு தொடர்புடைய நிறுவனம் அது.

இங்கேதான் அநேகமாக எல்லோரும் தடுமாறுகிறோம். மோசடி என்றதும் பெட்டகத்தில் காசு குறைந்திருக்கும் என்று நினைக்கிறோம். குறையவில்லை. ஒவ்வொரு ரூபாவுக்கும் பற்றுச்சீட்டு இருந்தது. மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கும் தண்ணீருக்கும் என்று கூடுதலாக இரண்டு கிலோ வெட்டினால், சாக்கிலிருந்து ஒரு இலையும் காணாமல் போவதில்லை. புத்தகமும் சரியாகவே இருக்கும். எழுதியிருக்க வேண்டிய எண்ணுக்கும் எழுதிய எண்ணுக்கும் இடையில்தான் நட்டம் கிடக்கிறது.

அந்த எழுதப்படாத எண்ணைக் கண்டுபிடிக்கப் பொலிசாரால் மட்டும் முடியாது. அன்றைய சந்தையில் வட்டி எவ்வளவு இருந்தது, எந்த விலையோடு நிறுத்தியிருக்கலாம், ஏலத்தில் நேரடியாகவே வாங்கக்கூடிய ஈ.பி.எப் ஏன் பிறகு வெளியே கூடிய விலை கொடுத்து வாங்கியது என்று பொருளியலும் கணக்காய்வும் தெரிந்தவர்கள் கணக்குப் போட வேண்டும். 2017 ஜனவரியில் நியமித்த ஜனாதிபதி ஆணைக்குழுவில் உயர் நீதிமன்ற நீதியரசர்கள் இருவரோடு ஓய்வுபெற்ற பிரதிக் கணக்காய்வாளர் தலைமை அதிபதி ஒருவரையும் அமர்த்தியது இதற்காகத்தான் என்று எண்ணுகிறேன். மிகச் சரியான தெரிவு.

ஆனால் மலிவாக வாங்கியது மட்டும் குற்றமாகாது, அதிர்ஷ்டம் என்றும் சொல்லிவிடலாம். உள்ளே நடப்பது முன்கூட்டியே தெரிந்திருந்ததா? அதற்குக் கணினி தெரிந்தவர் வேண்டும். முறி வியாபாரிகளின் தொலைபேசி உரையாடல்கள் தானாகவே பதிவாகும். அந்த நிறுவனத்தின் பதிவுகள் சில அழிக்கப்பட்டன என்று ஆணைக்குழு முன் சாட்சியம் வந்தது. அழித்த இடத்திலும் எப்போது, எந்தக் கணினியில் அழித்தார்கள் என்ற தடம் மிஞ்சக்கூடும்.

2017 இறுதியில் வந்த அறிக்கை, அந்த 2015 பெப்ரவரி ஏலத்தில் மட்டும் தவிர்த்திருக்கக்கூடிய நட்டம் 68 கோடி ரூபாவுக்கு மேல் என்றது. ஈ.பி.எப் போன்ற நிறுவனங்களுக்கு மொத்தம் 850 கோடிக்கு மேல். மத்திய வங்கி வெளியாரைக் கொண்டு செய்வித்த தடயவியல் கணக்காய்வு அறிக்கைகள் 2020இல் பாராளுமன்றத்துக்கு வந்தன.

ஈ.பி.எப் ஆண்டறிக்கை வெளியாகிறது. வீட்டில் படித்த பிள்ளைகள் இருந்தால், முறிகள் பற்றிய பக்கத்தை எடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.