மருந்தடித்தவரின் நெஞ்சில் சளி கட்டினால்...

ஒரத்தநாடு பக்கம் சம்பாப் பயிரில் புகையானோ இலைச்சுருட்டுப் புழுவோ தென்பட்டால், தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு ஆட்கள் வயலில் இறங்கிவிடுகிறார்கள். கையுறை கிடையாது, முகத்தில் ஒரு துண்டு. கால், தொடை, சட்டையெல்லாம் மருந்தில் நனைகிறது. வீடு திரும்பியவருக்குத் தலை சுற்றி, எச்சில் ஊறி, நெஞ்சில் சளி கட்டினால் பசி மயக்கம் என்று படுக்க வைக்கிறோம். அடித்தது குளோர்பைரிபாஸ், மோனோகுரோட்டோபாஸ் போன்ற பாஸ்பரஸ் வகை மருந்தானால், அவருடைய வேகஸ் நரம்பு கட்டுமீறிவிட்டது என்று சந்தேகிக்க வேண்டும்.

மூளையின் அடித்தண்டில் புறப்பட்டு, கழுத்தின் இருபுறமும் இறங்கி, இதயம், நுரையீரல், இரைப்பை, குடல் வரை கிளைவிடும் பத்தாவது மண்டை நரம்பு அது. அதன் இழைகளில் ஏறத்தாழ 80 சதவீதம், உள்ளுறுப்புகளின் நிலவரத்தை மூளைக்குக் கொண்டுபோகின்றன. மற்றவை உறுப்புகளுக்கு உத்தரவு கொண்டுவருகின்றன. நரம்புத் தொடர்பே இல்லாவிட்டால் இதயம் நிமிடத்துக்கு 100 முறை போல் துடிக்கும். ஓய்வில் 70 சொச்சமாக இருப்பது வேகஸின் பிடியால்தான்.

அந்தப் பிடி எப்படி வேலை செய்கிறது என்பதை 1921-ல் ஆஸ்திரியாவில் ஓட்டோ லோவி காட்டினார். ஒரு தவளை இதயத்தின் வேகஸைத் தூண்டினார், துடிப்பு குறைந்தது. அதைச் சுற்றியிருந்த திரவத்தை எடுத்து இன்னொரு இதயத்தில் விட்டார். நரம்பைத் தொடாமலே அதுவும் மெதுவானது. நரம்பு பேசுவது ஒரு ரசாயனத்தின் வழியாக! அசிட்டைல்கோலின் என்னும் அந்தப் பொருளுக்காக 1936-ல் அவரும் ஹென்றி டேலும் நோபல் பரிசு பெற்றார்கள்.

சொல்ல வேண்டியதைச் சொன்னதும் அசிட்டைல்கோலினை ஒரு நொதி உடனே சிதைத்துவிடும். பூச்சிமருந்து அந்த நொதியைத்தான் முடக்குகிறது. மடையைத் திறந்தவர் அடைக்க வராமல் போனால் வயல் என்ன ஆகுமோ, அதுதான் உடம்பிலும். மூச்சுக்குழாயில் நீர் சுரந்து நுரை தள்ளுகிறது. நாடி தளர்கிறது. வாந்தியும் பேதியும் வருகின்றன. வேகஸ் அல்லாத மற்ற நரம்பு முனைகளிலும் இதே கதை: கண்மணி ஊசிமுனையாகச் சுருங்குகிறது, தசைகள் துடித்துப் பிறகு சோர்கின்றன.

மாற்று மருந்து அட்ரோபின். அசிட்டைல்கோலின் போய் உட்காரும் இடத்தை அது மறித்துக்கொள்கிறது. நெஞ்சுச் சளி வற்றி, நாடி 80-ஐத் தாண்டும் வரை, சில நிமிடங்களுக்கு ஒரு முறை அளவை இரட்டித்துக்கொண்டே போவார்கள். ஆனால் சோர்ந்த சுவாசத் தசைகளை அது மீட்காது. அதற்குச் செயற்கைச் சுவாசம் வேண்டும். வேலியோர ஊமத்தையிலும் அட்ரோபின் உண்டு என்பதால் அதை அரைத்துக் கொடுக்க யாரும் துணிய வேண்டாம். அதன் அளவு எவர் கைக்கும் அடங்காது, அதுவே உயிரை எடுக்கும்.

நனைந்த துணியை உடனே கழற்றுங்கள். கழற்றுகிறவர் கையில் உறை இருக்கட்டும், இல்லையென்றால் ஒரு பாலித்தீன் பையாவது. சோப்புப் போட்டு உடம்பைக் கழுவுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள், மருந்து டப்பாவையும் மறக்காமல் மருத்துவமனைக்கு எடுத்துப் போங்கள்.